புலிக்கு எத்தனை ஆடு?



வலிமை மிக்க தரப்பையும் வலிமை குன்றிய தரப்பையும் எதிரெதிரே அமர்த்தி, இரண்டுக்கும் வெல்லும் வாய்ப்பை வழங்குவது எளிய செயலன்று. நம் முன்னோர் அதனைத் திண்ணையில் அமர்ந்தவாறே செய்து முடித்தனர். ஆடுபுலி ஆட்டத்தைத்தான் குறிப்பிடுகிறேன். தமிழகக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரையில் இதன் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதை அங்குச் சென்று வந்தோர் கண்டிருப்பீர்கள். வழிபட வந்தவர் இளைப்பாறுகையில் ஆடியிருப்பர் போலும்!

கட்டத்தின் அமைப்பை அறியாத இளையோருக்காகச் சிறிது விளக்குகிறேன். உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் கீழிறங்கும். அவற்றைக் குறுக்குக் கோடுகள் வெட்டும். உச்சியில் 1, இடைப்பட்ட மூன்று வரிசைகளில் ஆறாறாக 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. புலி தன் அருகிலுள்ள ஆட்டைத் தாண்டி, நேர்க்கோட்டில் அதற்கு அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. பதினைந்து ஆடுகளும் கட்டத்தில் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரவும் கூடாது. புலியோ தொடக்கம் முதலே நகரலாம், பாயலாம்.

இவ்விதிகளை மட்டும் படிப்பவர் ஆடுகள் வெல்ல வழியே இல்லை என்றுதான் கருதுவார். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்றும் பதினைந்தும் பதினெட்டு. ஓர் ஆடும் வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால் எஞ்சுவன ஐந்தே புள்ளிகள். புலியின் பலம் அதன் பற்களில் இல்லை, ஆட்டுக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில்தான் இருக்கிறது. ஆட்டின் முதுகுப்புறத்தில் மற்றோர் ஆடு நின்றுவிட்டால் புலி அதனைத் தீண்ட இயலாது. ஆக, புலியின் வலிமையை ஒருவரும் குறைக்கவில்லை. அவ்வலிமை செயற்படுவதற்குரிய இடத்தையே குறைத்தனர். இந்நுட்பம் என்னை வியக்க வைக்கிறது.

இவ்வகை ஆட்டம் தமிழருக்கு மட்டுமே உரியதன்று. நேபாளத்தின் 'பாக் சால்' ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். அங்கு எல்லா ஆடுகளும் உயிரோடு இறங்கினால் எஞ்சுவது ஒரே ஒரு புள்ளிதான்! அதனை ஈடுசெய்யும் வகையில், ஐந்து ஆடுகளை வெட்டினாலே புலிக்கு வெற்றி. இவ்விரு எண்களையும் யார் முதலில் வகுத்தார் என்பதற்குப் பெயர் இல்லை. ஆனால் 2000களில் லிம் இயூ ஜின், யுர்க் நீவெர்கெல்ட் ஆகிய இருவரும் கணினியின் துணையோடு இவ்வாட்டத்தை ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் முடிவு சமநிலையே என நிறுவினர். ஏட்டில் எழுதாத ஒரு கணக்கு இத்துணைச் சரியாக அமைந்தது எங்ஙனம்? தலைமுறை தலைமுறையாக ஆடியோர், 'இது புலிக்கு மிகுதி, ஓர் ஆட்டைக் கூட்டு' என்று திருத்தித் திருத்தி அமைத்திருப்பர் என்றே எண்ணுகிறேன்.

இலங்கையில் ஒரு புலிக்கு எதிராக ஏழு சிறுத்தைகளை நிறுத்தும் ஆட்டம் உண்டு. நம் நாட்டு மலாய்க்காரர்களின் 'ரிமாவ்' ஆட்டத்திலோ ஒற்றைப் புலிக்கு எதிரே நிற்பவை ஆடுகளல்ல, மனிதர்கள்! அதுவும் 24 பேர். மலாயாக் காட்டுப் புலியை அறிந்தவர்கள் அப்படித்தான் கணக்கிடுவர் போலும். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால்பதித்த பின்னர்த் தமிழக வணிகரும் தொழிலாளரும் இங்குக் குடியேறினர். சூலியா சாலையின் பெயர் அதற்குச் சான்று. அவர்களுடைய புலியும் மலாய்ப் புலியும் எந்த ஐந்தடிப் பாதையிலேனும் சந்தித்தனவோ, தெரியவில்லை.

பினாங்குக் காப்பிக் கடைகளில் சீன முதியவர்கள் ஆடும் சதுரங்கத்தையும் இங்கு நினைக்க வேண்டும. அதில் ஒருவர் எதிரியின் அரசனுக்கு ஓயாமல் முற்றுகை கொடுத்துக்கொண்டே இருந்து தோல்வியைத் தவிர்க்க இயலாது. விதி அதனைத் தடுக்கிறது. விடாது முற்றுகையிடுபவரே மாற்றி ஆட வேண்டும். மேலைச் சதுரங்கத்தில் அதே உத்தி சமநிலையைப் பெற்றுத் தரும். ஒரே உத்தி, ஓர் ஊரில் திறமை, மற்றோர் ஊரில் குற்றம். சப்பானியரின் 'ரென்ஜு' ஆட்டத்தில் தண்டனை இன்னும் வெளிப்படையானது. ஐந்து காய்களை வரிசையாக்கும் ஆட்டத்தில் முதலில் தொடங்கும் கறுப்புக்கே வாய்ப்பு மிகுதி என்பதால், இரட்டை மூன்று, இரட்டை நான்கு ஆகிய வலிய அமைப்புகள் கறுப்புக்கு மட்டும் விலக்கப்பட்டன. வெள்ளைக்கு அத்தடை இல்லை.

சதுரங்கத்தில் நிகழ்ந்ததோ நேர்மாறானது. பழைய ஆட்டத்தில் மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும் எளிய காய். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அதுவே அரசியாகி, பலகையின் மிக வலிய காயாயிற்று. ஆட்டம் கெடவில்லை; மாறாக விறுவிறுப்புற்றது. காரணம் எளிது. இரு தரப்பிலும் அரசி உண்டு. வலிமை மிகுவதால் ஆட்டம் கெடுவதில்லை, அவ்வலிமை ஒருவரிடம் மட்டும் சேர்ந்து அதற்கு ஈடு மற்றவரிடம் இல்லாதபோதே கெடுகிறது.

இவற்றையெல்லாம் நான் தொகுக்கத் தொடங்கியதற்கு என் முன்னாள் மாணவர் ஒருவர் காரணர். இப்போது கல்லூரியில் பயிலும் அவர், நண்பர் நால்வரோடு வாரந்தோறும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர் வீரராகவும் மந்திரவாதியாகவும் திருடராகவும் தம்மைப் பாவித்துப் பகடை உருட்டும் ஆட்டம் அது. அவர்கள் குழுவில் மந்திரவாதியாக ஆடுபவர் ஒருவரே எல்லாப் பகைவரையும் வீழ்த்திவிடுகிறாராம். வாளேந்தியவர் இருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனராம். "இன்னும் இரண்டு வாரத்தில் குழு கலைந்துவிடும், ஐயா" என்றார். ஐந்து நண்பர்களின் கூட்டு ஒரு மந்திரத்தால் கலைவதா?

இவ்வாட்டத்தை 1974இல் வெளியிட்டவர்கள் அமெரிக்கரான கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும். மந்திரவாதியின் ஆற்றல் அவர்கள் அறியாததன்று. அதனால் பல கடிவாளங்களை இட்டனர். தொடக்க நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். உறக்க மந்திரத்தால் ஒரு கும்பலையே வீழ்த்தலாம். அதன்பின் அன்று முழுவதும் அவர் வெறுங்கையர். உடல் வலிமையும் குறைவு. இரண்டாம் நிலையை எட்ட வீரருக்கு 2000 அனுபவப் புள்ளிகள் போதும், மந்திரவாதிக்கோ 2500 தேவை. இளமையில் நலிந்து முதுமையில் ஓங்குவது அவர் தலையெழுத்து.

வல்லவராகிவிட்டவரை எவ்வாறு அடக்குவது? கைகாக்ஸ் 1975இல் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' எனும் கல்லறைப் புதிரை அமைத்தார். தம் வீரரை எவரும் வெல்ல இயலாது என்று மார்தட்டியவர்களுக்காகவே அது உருவாயிற்று. அங்கு வாளும் மந்திரமும் பயனற்றுப்போகும் பொறிகளே மிகுதி. ராப் குன்ட்ஸ் என்பவரோ தம் ஏவலரான ஓர்க்குகளை முன்னே அனுப்பிப் பொறிகளில் சிக்கவைத்து, தாம் பின்னே நடந்து புதையலை அள்ளிச் சென்றார்! நகைப்புக்குரியதாயினும் இதில் ஒரு பாடம் உண்டு: கொடிய பொறிகள் வலியவரை அடக்குவதில்லை, அவரை மேலும் தந்திரசாலி ஆக்குகின்றன. உடனிருக்கும் எளியவரே முதலில் மடிகின்றனர்.

2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு எல்லார்க்கும் ஒரே அனுபவப் பட்டியலை வகுத்தது. நேர்மையான செயலாகத் தோன்றும். ஆனால் பழைய கடிவாளம் ஒன்று அதனால் அவிழ்ந்தது. விரைவு மந்திரத்தின் துணையோடு ஒரே சுற்றில் இரு மந்திரங்களை ஏவும் உத்தியும் பரவியது. 2003இல் வந்த திருத்தப் பதிப்பு அதற்கு முற்றுப்புள்ளி வைத்து, அம்மந்திரத்தின் பயனைக் கூடுதல் ஆயுதத் தாக்குதலாக மாற்றியது. வாளேந்தியவருக்கு உதவுவதாக ஆக்கிய அம்மாற்றத்தை நான் மிகவும் மெச்சுகிறேன்.

2008இன் நான்காம் பதிப்பு ஒருபடி மேலே சென்றது. வீரர், மந்திரவாதி, திருடர் அனைவருக்கும் ஒரே அமைப்பிலான ஆற்றல்கள். எப்போதும் பயன்படுபவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என்று வரையறுத்தது. சமன்பாட்டில் குறை காண்பது அரிது. ஆயினும் எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டனர் என்று பலர் மனம் வெதும்பினர். 2009இல் பழைய விதிகளைத் தழுவி வெளிவந்த 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தின் பக்கம் அவர்களுட் பலர் சென்றனர். புலிக்கும் ஆட்டுக்கும் ஒரே நடையைக் கொடுத்தால் அது ஆடுபுலி ஆட்டமாக இராது அல்லவா?

2014இன் ஐந்தாம் பதிப்பில்தான் நம் திண்ணைக் கணக்கு எனக்குத் தென்பட்டது. மனவொருமை வேண்டும் மந்திரங்களில் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே நிலைநிறுத்த இயலும். மந்திரவாதி அடிபட்டால் அது கலையவும் கூடும். மந்திரம் வலியதாகவே இருக்கிறது. அது செயற்படும் இடம் சுருங்கியது. தம் மீது அடிவிழாமல் காக்க அவருக்கு இப்போது வாளேந்திய நண்பர் தேவை.

இக்கூட்டாட்டத்துக்கும் ஆடுபுலிக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அங்குப் புலி எதிரி. இங்கு வலியவர் நம் அணியினர். அவர் நம்மைத் தோற்கடிப்பதில்லை. நம் முறையைப் பறித்துக்கொள்கிறார். ஆகவே மந்திரவாதியை நீக்க வேண்டாம், அவருடைய மந்திரங்களையும் பறிக்க வேண்டாம் என்றேன். அவர் நாளுக்கு எத்தனை முறை ஓய்வெடுக்கிறார் என்று முதலில் கவனிக்கச் சொன்னேன். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் குழு உறங்கி எழுந்தால், நாளுக்கு இத்தனை மந்திரம் எனும் வரம்பு பொருளற்றதாகும். பகைவர் பல திசைகளிலிருந்து வரட்டும், ஒரே நாளில் நான்கைந்து மோதல்கள் நிகழட்டும், கதையை நடத்துபவர் உறங்க நேரம் தராதிருக்கட்டும். மேசையில் விதியை மாற்ற நேர்ந்தால் அதை ஆட்டத்தின் நடுவில் அன்றி, எல்லாரும் கூடியிருக்கையில் மந்திரவாதியின் ஒப்புதலோடு மாற்றுமாறும் கூறினேன்.

என் வகுப்பில் ஆடுபுலி ஆடும்போது பின்பற்றும் முறையையும் அவரிடம் சொன்னேன். இரண்டு ஆட்டங்கள், ஒருமுறை புலி, மறுமுறை ஆடு. இரண்டிலும் வெட்டிய ஆடுகளின் எண்ணிக்கையைக் கொண்டே வெற்றி. பாய்ச்சலில் வல்ல ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆடுகளை மேய்க்கும் முறை வந்ததும் ஒன்பது ஆடுகளை இழந்தான். எதிரே அமர்ந்திருந்த நான்காம் ஆண்டு மாணவி இழந்தவை ஆறுதான்.