ஆப்பிரிக்கக் கானுயிர் ஒளிப்படப் பயணம்: கடலூர் வட்டாரத்திலிருந்து ஆயத்தம்

கென்யா, தான்சானியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் காப்பகங்களுக்குச் சென்று, வண்டியை விட்டு இறங்காமலே விலங்குகளையும் பறவைகளையும் படம் எடுக்கும் பயணம் சஃபாரி எனப்படும். மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம் பகுதிகளிலிருந்து முதல்முறை புறப்படுபவர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தைச் சார்ந்தவை.

பயணம் உறுதியானதும் பலரும் முதலில் போவது கேமராக் கடைக்கு. செலவில் புதிய லென்ஸுக்கு முதலிடம். பயனில் அதற்குக் கடைசி இடம். கையில் இருக்கும் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கும் பழக்கம், குறைந்த சுமை, வண்டியில் குறைந்த ஆட்கள் ஆகிய மூன்றுமே நல்ல படங்களைத் தருகின்றன.

பின்னணி

ஆப்பிரிக்கக் காட்டில் இரவில் ஒளிப்பொறியால் விலங்குகளைப் படம் பிடித்தவர்களில் முன்னோடி ஜெர்மானியரான கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ். அவர் நூல் 1905இல் வெளிவந்தது. கண்ணாடித் தகடுகளும் வெடிமருந்துப் பொடியும் கொண்ட அவரது மூட்டைகளைச் சுமக்கப் பெரும் ஆள்படை தேவைப்பட்டது. இந்தியாவில் எஃப். டபிள்யூ. சாம்பியன் புலியே மிதித்து இயக்கும் கம்பிப் பொறியைக் காட்டுப் பாதையில் வைத்துப் படம் எடுத்தார்.

தமிழ்நாட்டில் இத்துறையின் பெரும்பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வண்ணப் படம் பரவிய பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். படச்சுருளைத் தாமே கழுவிப் பதிப்பித்தவர். 1950 முதல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றி எழுதிவந்தார். தென்னிந்தியக் காடுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றியே தம் படங்களைச் சேர்த்தார். ஐந்து நாளில் சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி மூன்றையும் முடித்துவிட நினைக்கும் இன்றைய பயணிகள் அவர் படங்களை ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

சுமை

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் செல்லும் சிறு விமானங்களில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. கேமராப் பையும் இதில் அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சரக்கறைக்குள் நுழையாது. வளைந்து கொடுக்கும் துணிப்பையே ஏற்கப்படும். 2 கிலோ தொலைநோக்கு ஜூம் ஒன்று, கேமரா உடல் இரண்டு, நடுத்தர ஜூம் ஒன்று, சார்ஜர்கள், மடிக்கணினி என்று எடுத்து வைத்தாலே 8 கிலோவைத் தொட்டுவிடும். மீதி 7 கிலோவில்தான் துணிமணி, மருந்து, இட்லிப் பொடி எல்லாம். தங்குமிடங்களில் துணி துவைத்துத் தருவார்கள் என்பதால் மூன்று மாற்று உடை போதும். சுமையைக் குறைக்க மனம் வராதவர் நைரோபியிலிருந்து சாலை வழியே ஐந்தாறு மணி நேரம் போகலாம். எடைத் தொல்லை இல்லை, புழுதித் தொல்லை உண்டு.

இரண்டாவது கேமரா உடல் ஆடம்பரம் அல்ல. ஒன்று பழுதானால் சரிசெய்ய அங்கே வழியில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் புழுதி: ஒன்றில் நீண்ட லென்ஸும் மற்றதில் 70–200 போன்றதும் பொருத்திவிட்டால் வண்டியில் லென்ஸைக் கழற்றும் வேலையே இல்லை. சொந்தமாக இரண்டாவது இல்லாதவர் சென்னையில் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் புறப்படும் முதல்நாள் எடுக்காமல், பத்து நாளாவது கையில் வைத்துப் பழகிய பிறகே கொண்டுபோக வேண்டும்.

முக்காலி வேண்டாம். கூரை திறந்த வண்டியில் அதை விரிக்க இடம் கிடையாது. அதற்குப் பதில் பீன் பேக் எனப்படும் பயறுப் பை. தையற்கடையில் தடித்த காடாத் துணியில், வாய்க்கு ஜிப் வைத்து, பாதியில் மடிந்து கம்பியின் இருபுறமும் தொங்கும்படி தைத்துக்கொண்டால் போதும். இங்கிருந்து வெறும் பையாகக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி, திரும்பும்போது தங்குமிடச் சமையலறைக்கே கொடுத்துவிடலாம்.

கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. 2020 ஜூன் முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் புட்டியும் கூடாது. தான்சானியாவும் 2019இல் பைகளைத் தடை செய்தது. துணிகளைத் தனித்தனியாகக் கட்டி வைக்க நம்மூர் மஞ்சப்பையே எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் பொருந்தும்.

உதிரி பேட்டரிகளும் பவர் பேங்குகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி. கென்யாவிலும் தான்சானியாவிலும் சுவரில் இருப்பது பட்டை முனை மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகைப் பிளக் துளை. மாற்றி ஒன்று தேவை. தென்னாப்பிரிக்காவின் பெரிய பிளக் நம் வீட்டு 15 ஆம்பியர் பிளக்கோடு ஒத்துப்போகும். நாளுக்கு 1,500 படம், படத்துக்கு 30 எம்பி என்றால் 45 ஜிபி ஆகும். மெமரி கார்டுகளை இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி

நீண்ட லென்ஸைக் கையில் பிடித்து, ஆடும் இடத்தில் இருந்துகொண்டு, நகரும் உயிரைத் துலக்கமாக எடுப்பதுதான் சஃபாரியில் செய்யும் வேலை. அதைப் பழகக் கடலூர் மாவட்டத்தில் ஆப்பிரிக்காவுக்கு நிகரான இடம் உண்டு. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த பிச்சாவரம் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 1,100 எக்டர் பரப்புடையது. 2022இல் சதுப்புநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகின் ஆட்டம், குறுகிய கால்வாயில் திடீரென்று எழும் கொக்கு, இலைநிழலும் வெயிலும் மாறி மாறி விழும் வெளிச்சம் ஆகியவை கையையும் கண்ணையும் ஒருசேரச் சோதிக்கும். வலசைப் பறவைகள் வந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை ஓய்ந்த நாளில், காலையின் முதல் படகில் போவது நல்லது. உப்புக் காற்று பட்ட கருவியை வீடு வந்ததும் ஈரத்துணியால் ஒற்றி, உலர்த்தி வைக்க வேண்டும்.

நீர்மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாயும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நம் நீர்நிலைகளிலும் உண்டு, கென்யாவின் ஆறுகளிலும் உண்டு. அது நின்று சிறகடிக்கும்போது 1/2000 நொடியில் எடுத்து, பாயும் கணத்தையும் விடாமல் பிடிக்கத் தெரிந்துகொண்டவருக்கு, ஓடும் சிவிங்கிப்புலி எளிதாகவே அமையும். பிச்சாவரம் போக முடியாத நாளில் மேல்பட்டாம்பாக்கத்து வயல்களே போதும். உழும் டிராக்டரின் பின்னால் உண்ணிக்கொக்குகள் தொடர்வதும், மாராவில் எருமை மந்தையோடு அவை நடப்பதும் ஒரே வேட்டை முறைதான். வெள்ளைப் பறவை வெளிறிப் போகாமல் வெளிச்ச அளவைக் குறைக்கும் பழக்கத்தை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய மாராவில் ஆண்டு முழுவதும் ஆறரை மணியை ஒட்டியே விடியும். சூரியன் செங்குத்தாக ஏறுவதால் இளவெயில் சீக்கிரம் முடிந்துவிடும். கேமராப் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருக்க அங்கே நேரம் இல்லை.

வண்டியும் காலமும்

ஒரே வண்டியில் ஆறேழு பேரை ஏற்றும் மலிவுப் பயணம் ஒளிப்படத்துக்கு உதவாது. ஒருவர் அசைந்தால் எல்லார் படமும் கலங்கும். வரிசைக்கு ஒருவர் வீதம் மூன்று பேர் என்று பேசி உறுதி செய்துகொள்வது நலம். புதிய லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குக் கொடுத்தால் வீண்போகாது. படம் எடுக்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லலாம். பாதையை விட்டு ஓட்டச் சொல்லி ஓட்டுநரை நச்சரிப்பது விதிமீறல். அபராதம் அவர் தலையில்தான் விழும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

காட்டுமாடு போன்ற வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பது பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை. அவை கன்று ஈனுவது தான்சானியாவின் தெற்கு செரங்கெட்டியில், பிப்ரவரியை ஒட்டி. மார்ச் முதல் மே வரை பெருமழை. கட்டணம் குறையும், பாதை சேறாகும்.

உடையும் உடல்நலமும்

கடலூர்க்காரருக்கு வியப்பளிப்பது குளிர். மாரா 1,500 மீட்டருக்கு மேல் உயரம். ஜூலை விடியலில் திறந்த வண்டியில் ஊட்டிக் குளிர் அடிக்கும். கம்பளிக் குல்லாயும் மெல்லிய கையுறையும் அவசியம். காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை ஏற்றவை. கருநீலமும் கறுப்பும் கடிக்கும் செட்சி ஈக்களை இழுக்கும். அவற்றைப் பிடிக்க வைக்கும் பொறிகளே நீல, கறுப்புத் துணியால் ஆனவைதான். ராணுவ உடை போன்ற புள்ளித் துணியை ஜிம்பாப்வே, ஜாம்பியா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அணியக்கூடாது. மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஆவணங்கள்

கென்யாவில் விசாவுக்குப் பதில் 2024 ஜனவரி முதல் இணையவழி முன்னனுமதி நடைமுறையில் உள்ளது. விலையுயர்ந்த கருவிகளுக்குப் புறப்படும் விமான நிலையச் சுங்கத்தில் வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி எழாது. இதற்காக மூன்று மணி நேரத்துக்கும் முன்னதாகவே விமான நிலையத்தை அடைய வேண்டும்.

கென்யா சென்று திரும்புபவருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் தேவை. இந்த ஊசியை எல்லா மருத்துவமனையிலும் போடுவதில்லை. அரசு அங்கீகரித்த நிலையங்களில் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையமும் ஒன்று. முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு விழுப்புரம் வழியாக ரயிலில் போய் வரலாம். முட்டை ஒவ்வாமை உள்ளவரும் அறுபது வயதைக் கடந்தவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகும். கென்யாவிலிருந்து திரும்புபவரிடம் இந்தச் சான்று இல்லையென்றால், இந்திய விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக விடாமல் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.