மதியிறுக்கம் உடையோரும் காவல்துறையும்: மூன்று நிகழ்வுகளின் வரலாறு

மதியிறுக்கம் (ஆட்டிசம்) என்பது குழந்தைப் பருவத்திலேயே வெளிப்பட்டு வாழ்நாள் முழுவதும் தொடரும் மூளை வளர்ச்சி வேறுபாடு ஆகும். இது குற்றமன்று, மனநோயும் அன்று. ஆயினும் மதியிறுக்கம் உடையோர் பொது இடங்களில் காவலர்களை எதிர்கொண்டபோது, சில நிமிடங்களுக்குள் பெருந்துன்பத்துக்கு ஆளான நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த மூன்று நிகழ்வுகளையும், அவற்றிலிருந்து சட்டமும் காவல் நடைமுறையும் கற்ற பாடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

1943 இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கன்னர், பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து மதியிறுக்கத்தை முதன்முதலில் விரிவாக விவரித்தவர்களுள் ஒருவரானார். அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் இத்தகைய குழந்தைகளில் பலர் காப்பகங்களுக்குள் அடைக்கப்பட்டே வாழ்ந்தனர். 1970களில் நிலைமை மாறத் தொடங்கியது. மாற்றுத்திறன் உடைய குழந்தைகள் அனைவருக்கும் பொதுப்பள்ளிக் கல்வியை உறுதிசெய்யும் சட்டம் 1975 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. பெரிய காப்பகங்களின் இடத்தைச் சிறிய குழு இல்லங்கள் பிடித்தன. மதியிறுக்கம் உடையோர் ஊருக்குள் வாழத் தொடங்கினர். இது நல்ல மாற்றம். ஆனால் அவர்களைத் தெருவில் சந்திக்கவிருந்த காவலர்களுக்கு அவர்களைப் பற்றி எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

தவறான புரிதல் ஏற்படுவது எப்படி?

காவலர் பயிற்சியில் ஐயத்துக்குரியவை எனச் சொல்லப்படும் அறிகுறிகள் பல, மதியிறுக்கம் உடையோரிடம் இயல்பாகவே காணப்படுபவை. கண்ணைப் பார்த்துப் பேசாமை, கேள்விக்கு உடனே விடை கூறாமை, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதல், கைகளை உதறுதல், தொட்டால் விலகி ஓடுதல், விருப்பமான பொருள் ஒன்றைக் கையில் இறுகப் பிடித்திருத்தல் ஆகியவை அவற்றுட் சில. காவலர் இவற்றைத் திமிர் என்றோ, போதை என்றோ, ஆயுதம் என்றோ எண்ணிவிடலாம். குரலை உயர்த்துவதும், கையைப் பிடிப்பதும், ஊர்தியின் ஒலியும் ஒளியும் மதியிறுக்கம் உடையவரின் அச்சத்தை மேலும் கூட்டுகின்றன. அச்சம் கூடக் கூட, கட்டளைக்கு இணங்கும் ஆற்றல் குறைகிறது. அதைக் கீழ்ப்படியாமை என்று கருதும் காவலர் மேலும் வலிமையைப் பயன்படுத்துகிறார்.

இச்சிக்கலை முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த தனியார் புலனாய்வாளர் டென்னிஸ் டெபாட். மதியிறுக்கம் உடைய மகனின் தந்தையான அவர், 1994 இல் இது குறித்து ஒரு கையேட்டை வெளியிட்டார். 2001 ஏப்ரலில், எஃப்.பி.ஐ. வெளியிடும் காவல்துறை இதழில் அவரும் மற்றொருவரும் இணைந்து எழுதிய கட்டுரை வந்தது.

ஆக்டன் நீச்சல் குளம், 2008

2008 செப்டம்பர் 23 அன்று, மேற்கு லண்டனில் உள்ள ஆக்டன் நீச்சல் குளத்துக்குச் சிறப்புப் பள்ளி மாணவர் சிலர் அழைத்துவரப்பட்டனர். அவர்களுள் 16 வயதுச் சிறுவன் ஒருவன் கடுமையான மதியிறுக்கமும் வலிப்பு நோயும் உடையவன், பேச இயலாதவன். தண்ணீரைக் கண்ட அவன் குளத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டான். பராமரிப்பாளர்கள் பொறுமையாக உடனிருந்தனர். நேரம் கடந்ததும் குளத்தின் பணியாளர் காவல்துறையை அழைத்தார்.

வந்த காவலர்கள் பராமரிப்பாளர்களிடம் முறையாகக் கலந்துபேசவில்லை. ஒருவர் சிறுவனின் முதுகைத் தொட்டார். அவன் உடையோடு தண்ணீருக்குள் குதித்தான். வெளியே எடுக்கப்பட்ட அவனை ஏழு காவலர்கள் வரை சேர்ந்து தரையில் அழுத்திப் பிடித்தனர். கைவிலங்கு இட்டனர்; கால்களையும் பட்டையால் கட்டினர். பின்னர், நனைந்த உடையுடனேயே காவல் ஊர்தியின் கம்பிக்கூண்டுக்குள் வைத்தனர். ஏறத்தாழ 40 நிமிடங்கள் அவன் இவ்வாறு கட்டுண்டு இருந்தான். அவனுக்கு மனவடு ஏற்பட்டது. வலிப்பு நோயும் மிகுந்தது.

தந்தையின் வழியாகச் சிறுவன் லண்டன் பெருநகரக் காவல்துறை ஆணையர்மீது வழக்குத் தொடுத்தான். பெயர் மறைக்கப்பட்டதால் இது 'இசட்.எச்.' வழக்கு எனப்படுகிறது. 2012 இல் உயர் நீதிமன்ற நீதிபதி சர் ராபர்ட் நெல்சன், காவலர்கள் செய்தது தாக்குதலும் சட்டவிரோதத் தடுத்துவைப்பும் ஆகும் எனத் தீர்ப்பளித்தார். மாற்றுத்திறனாளிக்கு ஏற்ப நடைமுறையை மாற்றிக்கொள்ளும் கடமையிலிருந்து அவர்கள் தவறினர் என்றும், மனித உரிமைகள் மீறப்பட்டன என்றும் கூறி, 28,250 பவுண்டு இழப்பீடு வழங்கினார். ஆணையர் மேல்முறையீடு செய்தார். 2013 பிப்ரவரியில் டைசன் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் அதைத் தள்ளுபடி செய்தனர். களத்தில் விரைந்து முடிவெடுக்கக் காவலருக்கு உரிமை வேண்டும் என்பதை அவர்கள் ஏற்றனர். ஆனால் அவ்வுரிமையைக் காட்டி நீதிமன்றத்தின் ஆய்விலிருந்து தப்ப முடியாது என்றனர்.

வர்ஜீனியா, 2010

ஆக்டனில் சிறுவனுக்குத் துணையாகப் பராமரிப்பாளர்கள் இருந்தனர். துணையின்றித் தனியே இருந்தவரின் நிலையை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில நிகழ்வு காட்டுகிறது. 2010 மே மாதத்தில், ஸ்டாஃபோர்டு மாவட்டத்தில் 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் நூலகம் திறப்பதற்காக வெளியே புல்வெளியில் அமர்ந்திருந்தார். அவர் மதியிறுக்கம் உடையவர். அவரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று யாரோ தகவல் கொடுத்தனர். துப்பாக்கி ஏதும் இல்லை. காவல் அலுவலர் பெயரைக் கேட்டார். இளைஞர் சொல்ல மறுத்து விலகிச் செல்ல முயன்றார். அலுவலர் அவரைப் பிடிக்க, கைகலப்பு மூண்டது, அலுவலர் காயமடைந்தார். இளைஞர் சிறைக்குச் சென்றார். தனிமைச் சிறையிலும் வாடினார். 2015 இல் ஆளுநர் டெரி மெக்காலிஃப் நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பையும், 2021 இல் ஆளுநர் ரால்ஃப் நார்தம் முழு மன்னிப்பையும் வழங்கினர். நூலக வாசலில் தொடங்கிய துன்பம் முடிய பதினொரு ஆண்டுகள் ஆயின.

வட மயாமி, 2016

2016 ஜூலையில் புளோரிடா மாநிலத்தின் வட மயாமியில், மதியிறுக்கம் உடைய ஒருவர் தம் குழு இல்லத்தை விட்டு வெளியேறிச் சாலையில் அமர்ந்தார். அவரது கையில் இருந்தது வெள்ளி நிறப் பொம்மை லாரி. அதைத் துப்பாக்கி என எண்ணி ஒருவர் காவல்துறையை அழைத்தார். அவரைத் தேடி வந்த பராமரிப்பாளர் தரையில் படுத்து, இரு கைகளையும் உயர்த்தி, அது பொம்மை என்று உரக்கக் கூறினார். அப்படியிருந்தும் காவலர் ஒருவர் மூன்று முறை சுட்டார். ஒரு குண்டு பராமரிப்பாளரின் காலில் பாய்ந்தது. தாம் குறிவைத்தது மதியிறுக்கம் உடையவரையே என்று காவலர் பின்னர்க் கூறினார். 2019 இல் அவர் கவனக்குறைவுக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். 2022 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இதற்கிடையே 2017 இல் புளோரிடா மாநிலம், மதியிறுக்கம் பற்றிய பாடத்தைக் காவலர் பயிற்சியில் சேர்க்கச் சட்டம் இயற்றியது.

பாதுகாப்பு நடைமுறைகள்

இத்தகைய அனுபவங்களிலிருந்து சில நடைமுறைகள் உருவாகியுள்ளன.

காவலர்களுக்கு: உடனடி ஆபத்து இல்லையெனில் தொடாமல் இருத்தல், ஊர்தியின் ஒலி, ஒளியை நிறுத்துதல், ஒருவர் மட்டும் சிறு சொற்றொடர்களில் பேசுதல், விடைக்காகப் பொறுமையாகக் காத்திருத்தல், உடனிருப்பவரைக் கேட்டு அதன்படி நடத்தல்.

குடும்பத்தினருக்கு: காவல்துறையை அழைக்கும்போதே மதியிறுக்கம் என்பதையும், கையில் இருக்கும் பொருள் என்ன என்பதையும், ஆயுதம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுதல், அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிவித்தல்.

மதியிறுக்கம் உடையவருக்கு: கைகள் தெரியும்படி நிற்கப் பழகுதல், அடையாள அட்டை வைத்திருத்தல். அட்டையை எடுக்கப் போவதாக முதலில் சொல்லிவிட்டு, பின்னரே பையில் கைவிட வேண்டும். சொல்லாமல் கைவிட்டால் அதுவே ஆயுதம் எடுப்பதாகத் தோன்றிவிடும்.

மதிப்பீடு

அட்டையும் பயிற்சியும் தேவையே. ஆனால் அவற்றால் மட்டும் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. வட மயாமியில் பராமரிப்பாளர் செய்யவேண்டிய அனைத்தையும் செய்தார். ஆயினும் குண்டு பாய்ந்தது. ஆக்டனில் விளக்கம் கூறக்கூடியவர்கள் அருகிலேயே நின்றனர். அவர்களிடம் முறையாகக் கேட்கப்படவில்லை. அச்சத்தில் இருப்பவர் தம் நடத்தையை அந்நொடியில் மாற்றிக்கொள்வது கடினம். காவலர் சற்று நின்று கேட்பது அதைவிட எளிது. காத்திருந்து கேட்க வாய்ப்பு இருக்கும் இடத்தில் அதைச் செய்வது காவலரின் இரக்கம் மட்டுமன்று, சட்டக் கடமையும் ஆகும் என்பதை 'இசட்.எச்.' வழக்கு நிலைநாட்டியது. இவ்வரலாற்றில் மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இதுவே.