கண்டமான மேசை பாரிஸ் போன கதை

பலகையும் தேக்கு, காலும் தேக்கு. பூ வேலை கிடையாது, கொடி கிடையாது. கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற தடித்த கால்கள். ஒரு கட்டை இன்னொன்றில் இறங்கும் இடம் பளிச்சென்று தெரியும். சண்டிகர் நகரத்துக்காக 1950-களிலும் 60-களிலும் இப்படிச் செய்த மேசைகளுக்கு இன்று பாரிஸிலும் நியூயார்க்கிலும் பல லட்ச ரூபாய் விலை.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாப் தலைநகர் இல்லாமல் நின்றது. புதுத் தலைநகரான சண்டிகரை வரையக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வந்தார். அவர் வருவார், போவார். 1951-லிருந்து 1965 வரை அங்கேயே குடியிருந்து வேலையை முடித்துக் கொடுத்தவர் அவருடைய உறவுக்காரர் பியர் ழான்னரே. தலைமைச் செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், எம்.எல்.ஏ. விடுதி என்று எல்லாமே புதுசு. உட்கார நாற்காலி வேண்டும், எழுதவும் சாப்பிடவும் மேசை வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில். ழான்னரேயும் யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைந்து தர, உள்ளூர்ப் பட்டறைகளில் ஆசாரிகள் கையால் செய்தார்கள். ஈரத்துக்கும் கரையானுக்கும் தாங்குவது தேக்கு. சில சாமான்களைச் சீசம் மரத்தில் செய்தார்கள்.

அந்த ஊரின் பெரிய கட்டடங்களில் கான்கிரீட்டைப் பூசி மறைக்கவில்லை. வார்ப்புப் பலகையின் தடம்கூட அப்படியே சுவரில் இருக்கும். புரூட்டலிசம் என்று உலகம் பேர் வைத்த பாணியின் முக்கியமான உதாரணங்களில் இதுவும் ஒன்று. மேசைக்கும் வியாபாரிகள் இப்போது அதே பேரை ஒட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், ழான்னரே செய்தது சிக்கனமான, உடையாத சர்க்கார் சாமான், அவ்வளவுதான். அழகு அந்தச் சிக்கனத்திலேயே வந்துவிட்டது.

தாலுகா ஆபீஸில் மேசைக் காலில் பெயின்டால் நம்பர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சண்டிகரிலும் அதே வழக்கம். எந்தத் துறை, எத்தனையாவது சாமான் என்று ஓரத்தில் எழுதினார்கள். திருட்டுப் போகாமல் இருக்கவும், வருஷக் கணக்கெடுப்புக்கும்.

பிறகு சன்மைக்காவும் இரும்பு மேசையும் ஸ்பாஞ்சு நாற்காலியும் வந்தன. பழைய தேக்கு மொட்டை மாடிக்கும் கொட்டகைக்கும் போனது. மழையிலும் வெயிலிலும் கிடந்தது. கோப்பில் கண்டம், அதாவது உதவாத சாமான், என்று எழுதி ஏலம் விட்டார்கள். எடுத்தவர்கள் பழைய சாமான் கடைக்காரர்கள். 1990-களின் கடைசியில் எரிக் துஷலோம் போன்ற பிரெஞ்சு வியாபாரிகள் மோப்பம் பிடித்து வந்தார்கள். முறைப்படி நடந்த ஏலத்தில் பணம் கட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவர்களைத் திருடர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விற்றது நாம்.

பாரிஸில் மேசைக்கு மெருகேற்றினார்கள். நாற்காலிக்குப் புதுப் பிரம்பு பின்னினார்கள். ஆனால் அந்தப் பெயின்ட் நம்பர் இருந்தால் விலை கூடும். அசல் சாமான் என்பதற்கு அதுதான் சாட்சி. குமாஸ்தா எழுதிய கிறுக்கல் சான்றிதழாகிவிட்டது. போலி மேசையில் போலி நம்பர் எழுதுகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். சண்டிகர் வரைபடம் வார்த்த பாதாளச் சாக்கடை மூடிகள்கூட வெளிநாட்டு ஏலத்துக்குப் போயின! ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் இந்தச் சாமான்களின் பயணத்தைப் பின்னோக்கிப் படம் பிடித்தார். பணக்கார வீட்டில் தொடங்கி, ஏலக்கூடம், கப்பல் வழியாகச் சண்டிகரில் முடியும் படம். 2013-இல் அந்தப் படமே லண்டன் கிறிஸ்டீஸில் ஏலம் போனது.

ழான்னரே 1967-இல் ஜெனீவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரிக்கு வந்தது. அவர் மேசைகள்தான் அந்தப் பக்கம் போய்விட்டன.

ஏலப் புத்தகங்களில் ழான்னரே பெயர் பெரிதாக இருக்கும். இழைப்புளி பிடித்த ஆசாரியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. எங்கள் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. நெய்வேலி மண்ணை அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டு அனுப்பும் பீங்கான் பொம்மையில் எங்கள் ஊர்க்காரர் யார் பெயரும் இருப்பதில்லை. நாளைக்கு யாராவது அதை அபூர்வம் என்றால் யார் செய்தார் என்று எங்கே போய்க் கேட்பது? கைவேலை மட்டும் நின்றுவிடவில்லை. பெங்களூரில் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் என்ற நிறுவனம் சண்டிகர் மாதிரிகளை மறுபடி கையால் செய்து விற்கிறது. நல்ல வேலைதான்.

2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தச் சாமான்களை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை போட்டது. ஆனாலும் வெளிநாட்டு ஏலங்கள் நின்றபாடில்லை. சட்டமும் இன்னும் துணைக்கு வராது: 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி ஒரு மேசை பழம்பொருள் ஆக நூறு வயது நிறைய வேண்டும். 1955-இல் செய்த மேசைக்கு அந்தத் தகுதி வர 2055 ஆகும்.