அஞ்சுநாட்டு மலையூர்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு வடகிழக்கே, அஞ்சுநாடு என்றொரு மலைநாடு உண்டு. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்தூர்கள் அதற்குப் பெயர் தந்தன.

முன்னொரு காலத்தில் மதுரைச் சீமையில் நேர்ந்த குழப்பத்துக்கு அஞ்சி மலையேறியவர்களே தம் முன்னோர் என்பது இவ்வூர் வேளாளர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆயினும் இம்மண்ணின் கதை அவர்களோடு தொடங்குவதன்று. மிகப் பழைய மாந்தர் எழுப்பிய கல்திட்டைகள் மறையூர்ப் பாறைகளில் இன்றும் நிற்கின்றன.

குடியேறியவர்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஓடைநீரைத் திருப்பி, நெல் விளைத்தனர். அவ்வயல்களில் மலைப்புலையர் சிந்திய வியர்வையை நாம் மறந்துரைத்தல் முறையன்று. பொதிமாடுகளே நெடுங்காலம் மலைக்கும் சமவெளிக்கும் இடையே சரக்குச் சுமந்தன. பின்னாளில் மறையூரில் கரும்பும், காந்தளூர்ப் பகுதியில் யூக்கலிப்டசு மரமும் பரவவே, நெல்வயல் சுருங்கியது. மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நெல்லுக்கோ பழைய இடம் மீளவில்லை.

1956-இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது இவ்வூர்கள் கேரளத்திலேயே அமைந்தன. வீட்டுமொழி தமிழாகவே நின்றது. இங்குப் பாயும் பாம்பாறும் கிழக்கே இறங்கி அமராவதியோடு கலக்கிறது.

ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நமக்கு இவர்கள் வரலாறு உணர்த்துவது இரண்டு: கொண்டுவந்த மொழியைக் காக்கலாம், புகுந்த மண்ணுக்கும் அதில் உழைத்தவர்க்கும் பட்ட கடனை மறக்கலாகாது.