கடற்படிவுகளின் காலநிர்ணயம்: நுண்ணுயிர்ப் புதைபடிவ முறை

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலின் ஈரமணலை உருப்பெருக்கியின்கீழ் நோக்கினால், அறையறையாய்ச் சுருண்ட சுண்ணாம்பு ஓடுகள் தென்படுவதுண்டு. ஃபோராமினிஃபெரா எனப்படும் ஓரணு ஜீவன்களின் கூடுகள் இவை. இவற்றின் ஒவ்வோர் இனமும் ஒரு காலத்தில் தோன்றிப் பிறிதொரு காலத்தில் மீளாது அழிவதாலும், மிதவை வகைகள் நீரோட்டங்களால் சமுத்திரங்களெங்கும் பரவுவதாலும், ஒரே இனத்தைத் தாங்கிய படிவுகள் எத்துணைத் தொலைவில் கிடப்பினும் ஏறத்தாழச் சமகாலத்தவை எனத் துணியலாம். ஆயின் ஓடுகள் முன்பின் வரிசையையே உரைக்கும்; ஆண்டுக்கணக்கை எரிமலைச் சாம்பலின் கதிரியக்க அளவீடு போன்ற முறைகளே அளிக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு உத்தமமான களம், 1862இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என வகுத்த கிரெட்டேசியக் காலப் பாறைத் தொகுதிகளே. பெரம்பலூரை அடுத்த காரையின் களிமண்ணை ஊறவைத்து, சல்லடையில் அலசி, நனைந்த தூரிகை நுனியால் ஓடுகளைப் பொறுக்கினால் ரோட்டலிப்போரா என்னும் வகை கிட்டும். அது அற்றுப்போனது சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன். அரியலூர்ப் படிவுகளின் குளோபோட்ரன்கானா என்னும் வகையோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே பேரழிவில் மாண்டது.

எனினும் பழம்படிவுகள் அரிக்கப்பட்டு, மூத்த ஓடுகள் இளைய மண்ணில் கலப்பதுண்டு. எனவே ஓர் ஓட்டைமட்டும் நம்பி வயது கூறுவது அவசரபுத்தியே. காவிரிப் படுகையில் எண்ணெய்க்கெனத் துளையிடுவோர்க்கு வேறொரு தொல்லை: மேலடுக்கின் துகள்கள் துளைக்குள் சரிந்து கீழ்மண்ணோடு கலந்துவிடும், ஆதலால் மேலிருந்து இறங்குகையில் ஓர் இனம் முதன்முதலாகத் தென்படும் ஆழத்தையே, அதாவது அதன் அழிவெல்லையையே, அவர்கள் பெரிதும் கொள்வர். புன்னைக்காயல் போன்ற இளம் படிவுகளுக்கு இனங்களின் இத்தோற்ற-அழிவு வரிசை பயன்படாது. அங்கே ஓட்டிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து, சுமார் 50,000 ஆண்டுகள்வரை வயதைக் கணிக்கலாம்.