பிறர் மறை பேணிய குரு

ஒரு மொழியின் ஏடுகளைக் காப்பவர் அம்மொழியினராகவோ அச்சமயத்தினராகவோ இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஜொவான்னி பெர்னார்தோ தெ ரோஸ்ஸியின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

1742ஆம் ஆண்டு வட இத்தாலியின் பியெத்மோந்துப் பகுதியில் பிறந்த அவர், தூரின் நகரில் இறையியல் பயின்றார். 1764இல் எபிரேயம் கற்கத் தொடங்கி, ஆறே திங்களில் அம்மொழியில் நெடும்பா ஒன்றை யாத்தார். 1766இல் குருப்பட்டம் பெற்றார். 1769இல் பார்மா பல்கலைக்கழகத்தில் கீழை மொழிப் பேராசிரியராய் அமர்ந்து, அரை நூற்றாண்டுக் காலம் அப்பணியில் நிலைத்தார்.

இத்தாலியில் எபிரேய நூல்கள் பெரிதும் இடருற்றிருந்தன. 1553இல் ரோம் நகரில் தால்மூது ஏடுகள் தீக்கிரையாக்கப்பட்டன. எரியாமல் எஞ்சிய நூல்களில் தணிக்கையாளர் பல வரிகளை மையிட்டு மறைத்தனர். இத்தகைய அழிவுக்குத் தப்பிய சுவடிகளையே தெ ரோஸ்ஸி தேடித் திரட்டினார். அவற்றை ஒப்புநோக்கி, பழைய ஏற்பாட்டின் பாடவேறுபாடுகளை 1784 முதல் 1788 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். எழுதுவோரின் கைப்பிழைகளையெல்லாம் குவிக்காது, கருதத்தக்க வேறுபாடுகளையே தெரிந்தெடுத்தமை அப்பதிப்பின் சிறப்பு.

அவர் யூத சமயத்தை ஏற்றவர் அல்லர். மெசியாவை யூதர் எதிர்நோக்கியிருப்பது வீண் என வாதிட்டு 1773இல் ஒரு நூலே எழுதினார். ஆயினும், கிறித்தவத்தை மறுத்து யூதர் எழுதிய நூல்களையும் அவர் ஒதுக்கவில்லை; அவற்றுக்கெனத் தனி நூற்பட்டியல் ஒன்றை 1800இல் வெளியிட்டார். தம் கொள்கைக்கு மாறான ஏட்டையும் ஏடென்றே மதித்துப் பேணிய இந்நேர்மையே அவர் புலமைக்கு அணி. சமயச் சார்பு அவர் வாதத்தில் உண்டு, சேகரிப்பில் இல்லை.

1816இல் பார்மாவின் கோமகள் மரீ லூயிஸ் இச்செல்வத்தை ஒரு லட்சம் பிராங்கு கொடுத்து வாங்கி, அந்நகர நூலகத்துக்கே அளித்தார். சுவடிகள் மட்டும் 1,400க்கு மேல். ஆண்டு குறித்து அச்சேறிய முதல் எபிரேய நூலான, 1475இல் வெளிவந்த ராஷி உரையும் அதில் அடங்கும்.

1831இல் தெ ரோஸ்ஸி மறைந்தார். பார்மாவின் எபிரேயச் சுவடிகளுக்கு விரிவான புதிய அட்டவணை 2001இல் வெளிவந்தது. அது வெளியான இடம் ஜெருசலேம். தம் முன்னோர் இழந்தவற்றில் எஞ்சியவை எவையென அறிய, யூத அறிஞர் இந்தக் குருவின் பேழையையே திறக்க வேண்டியிருந்தது.