தரப்படுத்தலும் நாங்கள் படித்த விதமும்

தரப்படுத்தல் என்ற சொல்லை எங்கள் சனம் ஒரு சம்பவம் போலத்தான் சொல்வது வழக்கம். 1971இல் அடி விழுந்தது, அதிலிருந்து எல்லாம் தொடங்கியது என்று கதை ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த அடி உண்மை. ஆனால் 1971க்கும் 1979க்கும் இடையில் பல்கலைக்கழக அனுமதி விதி ஒரு முறையல்ல, பல முறை மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்ப எங்கள் பெடியன்கள் படிக்கும் விதத்தை மாற்றினார்கள். பெற்றோர் வீட்டுக் கணக்கையும் சிலவேளை ஊரையுமே மாற்றினார்கள். இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் எழுதவில்லை. அதில் நாங்கள் பெருமைப்பட முடியாத சில விடயங்கள் இருப்பதும் காரணமாக இருக்கலாம்.

முதலில் அடியின் அளவைப் பார்ப்போம். 1969–70 அளவில் பொறியியலுக்கு எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழர்கள். நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 7 வீதம் மட்டுமே கொண்ட வட மாகாணத்திலிருந்து விஞ்ஞானத் துறைகளுக்கு 27.5 வீதத்தினர் போனார்கள். தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்குப் புள்ளியை அள்ளிப் போடுகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. அதற்கு ஆதாரம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இருந்தும் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1971 அனுமதிக்கு மொழிக்கு மொழி வேறு வெட்டுப்புள்ளி வந்தது. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227, தமிழில் எழுதியவருக்கு 250. கட்டுபெத்தவுக்கு 212, 232.

பேராதனைக்கான வித்தியாசம் 23 புள்ளி. அன்றைக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனவியல் என்று நான்கு பாடம், மொத்தம் 400. அப்படியென்றால் பாடத்துக்கு ஏறத்தாழ ஆறு புள்ளி. ஆறு புள்ளி என்பது பிடிக்கக்கூடிய தூரம். இன்னும் ஒரு கணக்கு முழுதாகச் செய்தால் வந்துவிடும். எனவே அந்த முதல் மாற்றத்துக்குச் சமூகம் சொன்ன பதில் இன்னும் கூடப் படி என்பதுதான். பழைய வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பிச் செய்தார்கள். முதல் தரம் தவறினால் செக்கன்ட் சை, அதுவும் தவறினால் தேர்ட் சை. உயர்தரம் சித்தியடைகிற பரீட்சையாக இருந்தது போய், ஓட்டப்பந்தயமாகிவிட்டது. ரியூட்டறிகள் யாழ்ப்பாணத்தில் பெருகியதை இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடம் விளங்கப்படுத்தும், ரியூட்டறி புள்ளி எடுக்கப் பழக்கும் என்ற பிரிவினை மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது.

1973இல் வந்தது வேறு மாதிரி. சரியான அர்த்தத்தில் தரப்படுத்தல் என்பது இதுதான். ஒவ்வொரு மொழிக் கூட்டத்தின் புள்ளிகளையும் பொது அளவுகோல் ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தந்த மொழியில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்களோ அந்த விகிதத்தில் தெரிவும் அமையும்படி அது செய்யப்பட்டது. இதன் முன் தனி மாணவனின் உத்தி எதுவும் எடுபடாது. தமிழ் மாணவர் எல்லாரும் சேர்ந்து கூடப் படித்தால் எல்லாருடைய புள்ளியும் சேர்ந்தே இறக்கப்படும். ஆறு புள்ளி கூட எடு என்று தகப்பன் பிள்ளைக்குச் சொல்லலாம். உன் கூட்டத்தின் சராசரியைப் பார்த்து எடு என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில்தான் படிப்பில் இருந்த நம்பிக்கை உடைந்தது என்று எனக்குப் படுகிறது. 1970இலேயே தொடங்கியிருந்த தமிழ் மாணவர் பேரவைக்குப் பின்னால் பெடியன்கள் திரண்டதை வெறும் உணர்ச்சி என்று சொல்லிவிட முடியாது.

1974இல் இதன்மேல் மாவட்டப் பங்கீடும் வந்தது. பொறியியலுக்குத் தெரிவான தமிழரின் பங்கு ஒரே வருடத்தில் 24.4 வீதத்திலிருந்து 16.3க்கு இறங்கியது. விஞ்ஞானத் துறைகளில் வட மாகாணத்தின் பங்கு 7 வீதமானது. ஆனால் மாவட்டம் என்பது மொழி போல அல்ல. மொழியை மாற்ற முடியாது, மாவட்டத்தை மாற்றலாம். இங்கேதான் எங்கள் கதை சிக்கலாகிறது.

மாவட்ட முறையால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. மன்னாரும் வவுனியாவும் மட்டக்களப்பும் இழக்கவில்லை. அந்த மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சிலருக்கு முதன்முறையாகக் கதவு திறந்தது. ஆய்வுகூடம் இல்லாத, கணித ஆசிரியர் வருடத்தில் பாதி நாள் இல்லாத பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். தரப்படுத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்தார் எழுதிய பல கட்டுரைகளில் இவர்கள் காணப்படுவதில்லை. 'தமிழர் இழந்தார்கள்' என்று எழுதும்போது எந்தத் தமிழர் என்று கேட்க யாரும் இருக்கவில்லை.

என்னோடு குசினியில் நிற்கும் அண்ணர் ஒருவர் எண்பதுகளின் தொடக்கத்தில் வவுனியாவுக்குப் 'போனவர்'. பதிவு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில். சனி, ஞாயிறு யாழ்ப்பாணத்து ரியூட்டறியில். யாழ்தேவியில் நின்றபடி தொகையீட்டுக் கணக்குச் செய்ததாகச் சொல்வார். பேராதனை கிடைத்தது. 1983க்குப் பிறகு அவர் அங்கே திரும்பிப் போகவில்லை, அது வேறு கதை. "தம்பி, எனக்குப் புள்ளி கூடேல்லை, மாவட்டம்தான் மாறினது" என்பார். அவர் எடுத்த இடத்தில் அந்த ஊர்ப் பெடியன் ஒருவன் இருந்திருக்கவேண்டும். மலையகத்துப் பள்ளிக்கூடங்களிலும் இப்படி வெளியார் பதிந்து எழுதுவது பற்றிய மனக்கசப்பு நெடுங்காலமாக உண்டு. இன்று பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தாய் என்று விதி கேட்பதற்குக் காரணம் எங்களைப் போன்றவர்களின் கெட்டித்தனந்தான்.

விதி பிறகும் நிற்கவில்லை. 1976இல் 70 வீதம் புள்ளிக்கு, 30 வீதம் மாவட்டத்துக்கு என்றார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டார்கள். 1979 தொடக்கம் 30 வீதம் திறமைக்கு, 55 மாவட்ட சனத்தொகைக்கு, 15 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இப்போது அது 40, 55, 5. மாவட்டப் பங்கின் கீழ் யாழ்ப்பாணத்துப் பெடியனுக்குப் போட்டி கொழும்புப் பெடியன் அல்ல, பக்கத்து வாங்கில் இருப்பவன். கொப்பியை ஒளித்து வைக்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல.

நான் எழுதியது இசட் புள்ளிக் காலத்தில். முந்தியவையெல்லாம் கேட்டும் வாசித்தும் அறிந்தவை. 2000ஆம் ஆண்டு நான்கு பாடம் மூன்றாகியது. இரண்டு கணிதமும் இணைந்த கணிதமாகின. அதுவரை கணிதத்தில் கெட்டிக்காரன் இரண்டு பாடத்தில் அள்ளி இரசாயனவியலில் விட்டதை ஈடுகட்டலாம். அந்த வழி அடைபட்டது. 2001 அனுமதியிலிருந்து புள்ளிக் கூட்டுத்தொகைக்குப் பதிலாக இசட் புள்ளி வந்தது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரிப்பது. சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் 2. சராசரி 30, விலகல் 12 உள்ள பாடத்தில் 60 எடுத்தால் 2.5. குறைந்த புள்ளிக்குக் கூடிய பெறுமதி! ஆகவே எல்லாரும் பயந்து விடுகிற பாடத்தில் நேரத்தைப் போடு என்பது புது உத்தியாயிற்று.

1973இல் எங்களை இறக்கியதும் இதே இனத்துக் கணிதம்தான். அன்று கூட்டம் பிரித்தது மொழியால், இன்று பாடத்தால். சூத்திரத்தில் இனவாதம் இல்லை, யாரை யாரோடு சேர்த்துச் சராசரி எடுப்பது என்று தீர்மானிக்கிற கையில்தான் இருக்கிறது. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணித்தபோது, 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளுபடி செய்தது. 1973இன் கணிப்புக்கு அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை.

நான் இருக்கும் வுப்பர்டாலின் பல்கலைக்கழகம் 1972இல் தொடங்கியது. அந்த வருடம் இந்த மாநிலம் டுயிஸ்புர்க், எசன், சீகன், பாடர்போர்ன், வுப்பர்டால் ஆகிய ஐந்து இடங்களில் புதிய மாதிரிப் பல்கலைக்கழகங்களைத் திறந்தது. அபித்தூர் இல்லாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இணைப்பு வகுப்புகள் படித்து உள்ளே வரலாம். பின்தங்கியவருக்குக் கதவு திறக்க இங்கே இடத்தைக் கூட்டினார்கள். அங்கே இருந்த சில நூறு இடத்தைத் திருப்பித் திருப்பிப் பங்கு பிரித்தார்கள். பணக்கார நாடு, செய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயம்தான். ஆனால் 1974இல் யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்தபோது பொறியியலை அங்கே வைக்காததற்குக் காசு மட்டும் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் 40 வருடம் கழித்து, 2014இல் வந்தது. அது இருப்பது யாழ்ப்பாணத்தில் அல்ல, கிளிநொச்சி அறிவியல் நகரில். அந்த 5 வீதம் ஒதுக்கப்படும் பின்தங்கிய மாவட்டங்களின் இன்றைய பட்டியலில் பதினாறு பெயர்கள் உள்ளன. மன்னார், முல்லைத்தீவு, நுவரெலியா, மொனராகலையோடு யாழ்ப்பாணமும் அதில் ஒன்று.